பாரிக்கு ஓட்டுச் சேர்த்தவள்

செத்துப்போன அண்ணன் தினமும் காலையில் வாயைத் திறந்து பேசினால் எவளாக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு ஓடுவாள். மகிழினி ஓடவில்லை. அவன் பேசுவதைக் கேட்கத்தான் அவள் வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு டோல்கேட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

டி.எச். ரோட்டு என்கிற திருவொற்றியூர் ஹை ரோட்டு மேலேயே, டீக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நின்றது ரஷீதின் பிரவுசிங் சென்டர். ரஷீதும் அவள் அண்ணன் பாரியும் சின்ன வயசுத் தோஸ்துகள். ரஷீது முதலைப் போட்டான், பாரி மூளையைப் போட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பைக்கில் போன பாரியை எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உடம்பைத் துணியால் இறுக்கிச் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்கக் கூடாதென்று ரஷீதுதான் அம்மாவைப் பிடித்துத் தடுத்தான், திறந்து பார்க்கிற மாதிரி அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அதற்கப்புறம் பாரியின் நாற்காலியில் மகிழினி வந்து உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலிக்கு எதிரில் இருந்த கம்ப்யூட்டரில்தான் பாரி இருந்தான். உயிரோடு இருந்தபோது தங்கச்சியைக் கிண்டல் பண்ண அவன் எழுதிய குட்டி புரோகிராம் அது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஸ்பீக்கரில் அவன் குரல் வரும்: "வந்துட்டியா? வெறும் வயித்தோடதானே வந்துகீற? மொதல்ல துன்னு. அப்பாலிக்கா வேலைய பாரு." குரலுக்குப் பின்னால் ரோட்டில் போகிற ஏதோ ஒரு லாரியின் ஹாரன் நீளமாகக் கேட்கும். பதிவு பண்ணின அன்றைக்கு அது வெறும் ஹாரன்தான். இப்போது அந்த இடம் வரும்போது மட்டும் மகிழினி ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிடுவாள்.

பாரி இருந்த காலத்தில் ஆன்ட்டி வைரஸ் என்றால் ஒரு சிடி. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ரவுடிகள் போட்டோவை வரிசையாக ஒட்டியிருப்பார்களே, அதே சமாசாரம்தான். போட்டோவில் இருக்கிறவன் வந்தால் பிடிக்கும். இல்லாதவன் வந்தால் சலாம் போட்டு உள்ளே விடும். ஞாயிற்றுக்கிழமையானால் பாரி புது சிடியைப் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போய் அந்த வரிசையைப் புதுப்பித்துவிட்டு வருவான். ஒரு பக்கம் பாதுகாப்பு, ஒரு பக்கம் ஓசி டீ. தன் குரலையும் ஒரு தடவை அந்தக் கிழட்டு ஆன்ட்டி வைரஸிடம் காட்டி, இவன் நம்ம ஆளு, கண்டுக்காதே என்று சொல்லிவைத்திருந்தான். அதுவும் கண்டுகொள்ளாமலேயே இருந்தது.

ஆனால் காலம் மாறிப்போச்சு. இரண்டாயிரத்து ஒன்பதில் ஊரில் எல்லார் பாக்கெட்டிலும் பென் டிரைவ். கப்பலிலிருந்து இறங்குகிறவன், கன்டெய்னர் யார்டு கிளார்க்கு, டிரெய்லர் ஓட்டுகிறவன், அத்தனை பேரும் ஆளுக்கொரு வியாதியைக் கொண்டுவந்து சொருகினார்கள். வாரத்துக்கொரு தடவை சென்டரே படுத்துக்கொண்டது. கடுப்பாகிப்போன ரஷீது, புதுசு ஒன்றை வாங்கிப் போட்டான்.

"இது சிடி இல்ல தங்கச்சி. மேகத்துல கீதாம்," என்றான்.

"மேகத்துலயா? மழ பேஞ்சா ஒயுகிடாதா?"

"இன்னா கலாய்க்கிறியா? வித்தவன் அப்டித்தான் சொன்னான்."

கலாய்த்தாளே தவிர, அது எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குப் போகப்போகப் புரிந்தது. புதுசு தன்னிடம் எந்தப் போட்டோவும் வைத்துக்கொள்ளவில்லை. எதைக் கண்டாலும் மேலே எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களிடம் கேட்டது. இந்த ஆளை வேறு யாராவது பார்த்திருக்கீங்களா, உலகத்தில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறான், என்று. நிறையப் பேர் வைத்திருந்தால் நல்லவன். ஒருத்தரும் வைத்திருக்காவிட்டால் சந்தேகக் கேஸ்.

முதல் நாளே அது பாரியைப் பிடித்துவிட்டது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு ஜன்னல் திறந்தது. இது உலகத்தில் ஒரே ஒரு கணினியில்தான் இருக்கிறது, நம்பத் தகுந்ததல்ல, சில நாளில் நீக்கப்படும் என்று இருந்தது. மகிழினி சட்டென்று 'இருக்கட்டும்' என்பதை அழுத்தினாள். மறுநாள் மறுபடி வந்து நின்றது. இவள் சொல்வது அன்றைக்கு மட்டும்தான் செல்லும், மேலே இருக்கிறவன் சொல்வதுதான் கடைசி. அந்தப் புதுசைப் பிடுங்கி எறிந்துவிடலாமென்றால் அடுத்த பென் டிரைவில் சென்டரே போய்விடும்.

"அவன் குரலுன்னு சொன்னா கேக்காதா அது?" என்றாள்.

ரஷீது தாடியைச் சொறிந்தான். "ஆளில்லன்றதுதானே அதுக்குப் பேஜாரு? அப்ப ஆள சேத்துட்டா? எலெக்சன்ல நம்ம ஏரியாவுல இன்னா பண்றானுங்கோ? இல்லாத ஆள லிஸ்ட்டுல ஏத்தி ஓட்டு போட்டுக்கினு போறானுங்கோ. நம்ம பாரிக்கு நாலு ஓட்டு சேக்க முடியாதா?"

விளையாட்டாகத்தான் சொன்னான் பாவம். மகிழினி அதைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கற்றுக்கொடுத்த வித்தையை வைத்து அவனுடைய புரோகிராமிலேயே நாலைந்து வரி சேர்த்தாள். சென்டரில் யார் பென் டிரைவைச் சொருகினாலும் பாரி சத்தமில்லாமல் அதில் ஏறிக்கொள்வான். அது அடுத்து எந்தக் கம்ப்யூட்டரில் சொருகப்படுகிறதோ அங்கே இறங்கிக் குடித்தனம் வைத்துவிடுவான். அங்கிருந்து அடுத்த பென் டிரைவ். வைரஸ் பண்ணுகிறதும் இதேதான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் இது அண்ணனாச்சே. அண்ணன் யாரை என்ன பண்ணிவிடப் போகிறான்?

எண்ணிக்கை ஏறியது. ஒன்று மூன்றானது, மூன்று இருபதானது. தினமும் காலையில் அவன் குரலைக் கேட்டுவிட்டு, அந்த ஜன்னலைத் திறந்து எண்ணைப் பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. முதலில் அவளால் கணக்குப் போட முடிந்தது. இது அந்த யார்டு கிளார்க்கு, இது இந்த செல்போன் கடை. அப்புறம் கணக்கு கையை விட்டுப் போய்விட்டது. நூறைத் தாண்டியது, ஆயிரத்தைத் தாண்டியது. அவள் சென்டரைப் பூட்டியிருந்த பொங்கல் லீவிலும் ஏறியிருந்தது.

சேதிகள் வர ஆரம்பித்தன. சடையங்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பேசுகிறதாம், கடைக்காரர் எலுமிச்சம்பழம் கட்டி வைத்திருக்கிறாராம். வள்ளூர் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் கணக்கெழுதுகிற பொண்ணு, வெறும் வயிற்றோடு வந்தது இதுக்கு எப்படித் தெரியும் என்று அலறி வேலையை விட்டே நின்றுவிட்டாளாம். தூத்துக்குடிக்காரக் கப்பல்காரர் ஒருத்தர் சென்டருக்கு வந்து, ஊருக்கு மெயில் அடித்துக்கொண்டே சொன்னார்:

"நடுக்கடல்ல இருக்கோம். நாலாபக்கமும் ஒரு வெளிச்சம் கிடையாது. கம்ப்யூட்டரப் போட்டா உங்க மெட்ராஸ் பாஷைல ஒருத்தன் என்னைச் சாப்பிடச் சொல்லுதான். அப்புறம் லாரி ஹாரன். கடல்ல ஏதுங்க லாரி? எங்கூட இருக்க பிலிப்பைன்ஸ்காரன் சிலுவை போட்டுக்கிடுதான்."

மகிழினிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா பெருமையா என்று அவளுக்கே விளங்கவில்லை. இந்த நிமிஷத்தில் எந்தெந்த ஊரில், எந்தெந்த அறையில் அண்ணன் பேசிக்கொண்டிருப்பான்? பாஷை தெரியாத ஆட்கள் முன்னால், ஆளே இல்லாத அறைகளில், பதில் சொல்ல ஒருத்தருமில்லாமல் கேட்டுக்கொண்டே இருப்பானே என்று தோன்றியது. அந்த நினைப்பை அவள் ஓரமாகத் தள்ளிவைத்தாள். ஒரு நாள் மஞ்சள் ஜன்னல் பச்சையாகிவிட்டது. பலரும் வைத்திருக்கிறார்கள், நம்பத் தகுந்தது. அன்றைக்கு அவள் ரஷீதுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள்.

இந்தக் கூத்தெல்லாம் அம்மா கன்னியம்மாவுக்குத் தெரியாது. அவள் சென்டர் பக்கமே வந்ததில்லை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் பெருக்கித் துடைத்துத் தண்ணி பிடித்து வைக்கிற வேலை அவளுக்கு. அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரம் பிடிக்கும் என்பதால், நான் வர்றதுக்குள்ள ஸ்விட்சைப் போட்டு வை ஆயா என்று கிளார்க்கு சொல்லியிருந்தார். தினமும் அவள்தான் முதலில் போய், விளக்கு ஃபேன் எல்லாவற்றோடும் அதையும் போடுவாள். அப்புறம் துடைப்பத்தை எடுப்பாள்.

ஒரு நாள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, மகிழினி சென்டருக்குக் கிளம்புவதற்குள் வீட்டுக்கு வந்து நின்றாள். துடைத்த துணி கையிலேயே இருந்தது.

"மகி, உங்கண்ணன் பேசினான்டி."

மகிழினிக்கு அப்போதுதான் உறைத்தது. யார்டு ஆட்கள் எத்தனை பேர் சென்டருக்கு வந்து போகிறார்கள்! எப்படி இதை யோசிக்காமல் போனாள் பாவி?

"அம்மா, அது ரெக்கார்டும்மா. அண்ணன் எப்பவோ பேசி வெச்சது."

"ரெக்கார்டா? நான் வெறும் வயித்தோட வந்துகீறேன்னு ரெக்கார்டுக்கு எப்டிடி தெரியும்?" கன்னியம்மா சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "மூட்டையா கட்டிதானே குடுத்தானுங்கோ. மூஞ்ச காட்டினானுங்களா? அது வேற எவனோ. எம்புள்ள எங்கியோ கீறான்."

சுவரிலிருந்த போட்டோவின் மாலையைக் கழற்றினாள். அன்றைக்கு நெத்திலிக் குழம்பு வைத்தாள், மூன்று தட்டு போட்டாள். மகிழினி எவ்வளவு சொல்லியும் அம்மாவுக்கு ஏறவில்லை. அந்த புரோகிராமை எப்படிச் செய்தது, எப்படிப் பரவியது என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தாள். நீ போட்டு ஊரெல்லாம் அனுப்பினியா, அவன் போனானா, அப்ப கீறான்தானே, என்று கேட்டாள் அம்மா.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கன்னியம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். துன்னுட்டுப் போனா அவன் கேக்கமாட்டானே என்பது அவள் கணக்கு. காலையில் சாப்பிடாமல் போனாள். போய் ஸ்விட்சைப் போட்டு, அவன் பேசியதும் அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி கேட்டாள். கிளார்க்கு வருவதற்குள் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை. ராத்திரி சாப்பாட்டையும் தள்ளிவைத்தாள், காலையில் வயிறு உண்மையாகவே காலியாக இருக்க வேண்டுமாம். அவளோ சுகர்க்காரி. ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தவள் யார்டிலேயே மயங்கி விழுந்தாள். டாக்டர் மகிழினியைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி விழுந்தா எழுந்திருக்க மாட்டாங்க என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாளே கன்னியம்மா யார்டுக்குக் கிளம்பிவிட்டாள். கதவைப் பூட்டினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற ஆள் அவள். ரஷீது யார்டுக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பாரியை அழித்துவிட்டு வந்தான். மத்தியானமே எவனோ ஒரு டிரைவர் பாட்டு கேட்கப் பென் டிரைவைச் சொருகினான், திரும்ப வந்துவிட்டது. மறுபடி அழித்தான், மறுபடி வந்தது. ஸ்பீக்கரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனான். கன்னியம்மா பக்கத்து எடை மேடை ரூமுக்குப் போய் அங்கிருந்த கம்ப்யூட்டரைப் போட்டாள். அதிலும் அவன் இருந்தான்.

"எங்க போனாலும் கீறான்," என்றான் ரஷீது. முகம் வெளுத்திருந்தது. "யா அல்லா, பொணத்த தொட்டு தூக்கினவன் நான். எனக்கே டவுட்டு வருது தங்கச்சி."

"மேல இருக்கிறவன் அழிச்சாத்தான் போவும்," என்றாள் மகிழினி. மேகத்தின் வேலையே அதுதான். ஒரு இடத்தில் தீர்ப்புச் சொன்னால் உலகம் பூராவும் அதே நிமிஷத்தில் தீர்ப்பு. யார்டு கம்ப்யூட்டர்களிலும் அதே மேகம்தான் இருந்தது. ஆனால் மேகம் இப்போது பாரியை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தது. அப்படி நம்பவைத்தவளே அவள்தான். யாராவது சாட்சி சொல்ல வேண்டும், எப்படிச் செய்யப்பட்டது என்று உள்ளே தெரிந்த ஒருத்தர்.

அதற்கும் அந்த ஜன்னலில் ஓர் இடம் இருந்தது. மகிழினி உட்கார்ந்து தட்டினாள். இது கேட்காமல் பென் டிரைவில் ஏறிக்கொள்கிறது. கேட்காமல் மற்றவர் கணினியில் இறங்கிக்கொள்கிறது. அந்த வரிகளை எழுதியது நான். இதனால் ஒரு உயிர் போகப்போகிறது.

"இரு," என்றான் ரஷீது. "ஒரு சிடில போட்டு வெச்சுக்கோ. நெட்டு இல்லாத மிஷின்ல எப்பனா கேக்கலாம். ஒன்னே ஒன்னு."

மகிழினியின் கை நின்றது. வெற்று சிடி மேஜையிலேயே இருந்தது. எடுத்தாள், உள்ளே தள்ளினாள். அப்போதுதான் அவளுக்குத் தன் வயிறு காலியாக இருப்பது தெரிந்தது. இன்றைக்கு மட்டுமா? இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் வீட்டில் நாஷ்டா பண்ணிவிட்டு சென்டருக்கு வந்ததில்லை. நேரமில்லை என்றுதான் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பைத்தியம் என்று ஊருக்கே சொன்னவள், அதே பைத்தியத்தில் அம்மாவுக்கு முன்னாலேயே விழுந்திருந்தாள்.

சிடியை வெளியே எடுத்து ரஷீதிடம் கொடுத்தாள். "வோணாம்ண்ணே. இது இருந்தா எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி செத்துடுவா."

அனுப்பு என்பதை அழுத்தினாள்.

சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நகர்ந்துகொண்டிருந்தன. டீ வந்தது, ஆறிப்போனது. அப்புறம் எண் குறைய ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்கக் குறைந்தது. ஆயிரம் ஆயிரமாக, எங்கெங்கோ இருக்கிற அறைகளில் ஒவ்வொன்றிலும் அவன் வாயை மூடினான் போல. ரஷீது பார்க்க மாட்டாமல் எழுந்து வெளியே போய்விட்டான். கடைசியில் அவள் எதிரில் இருந்த கம்ப்யூட்டரின் முறை வந்தது. சின்னதாக ஒரு ஜன்னல் திறந்து மூடியது. மேகம் அவள் அண்ணனுக்கு ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு புழுவின் பெயர், தானாக ஊர்ந்து பரவுகிற வைரஸின் பெயர், வைத்திருந்தது.

மறுநாள் காலையில் மகிழினி அம்மாவோடு யார்டுக்குப் போனாள். ரஷீது பிடுங்கிய ஸ்பீக்கரை அதற்குள் கிளார்க்கு சண்டை போட்டுத் திரும்ப வாங்கி மாட்டியிருந்தார். கன்னியம்மா நடக்க முடியாமல் மகள் தோளைப் பிடித்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் எழுந்தது. இரைந்தது. அமைதியானது. அவள் காத்திருந்தாள். அணைத்துப் போட்டாள். பக்கத்து ரூமுக்குப் போய் அங்கேயும் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி இதை அணைத்துப் போட்டாள். ஓரத்தில் பச்சையாக ஒரு ஜன்னல் மட்டும் திறந்து நின்றது.

"இன்னா எய்திகீது அதுல?"

அபாயம் நீக்கப்பட்டது, உங்கள் கணினி பாதுகாப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகிழினி அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் செத்துட்டாம்மா. அதான் எய்திகீது."

கன்னியம்மா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வாயால் சொன்னது ஏறவில்லை, கண்ணுக்கு முன்னால் எழுதி வைத்திருந்தது ஏறியது. அப்படியே தரையில் குந்தினாள். பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மூட்டையைப் பார்த்து வராத ஓலம் அவள் அடிவயிற்றிலிருந்து வந்தது. "எம்புள்ள போயிட்டானே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். மகிழினியும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணனைப் புதைத்த அன்றைக்குக்கூட அவள் அழுதவளில்லை. மறுநாள் காலையில் போனால் அவன் பேசுவானே என்ற தைரியத்தில் இருந்துவிட்டாள்.

டிரெய்லர் டிரைவர்களும் கிளீனர்களும் ஓடிவந்து வாசலில் கூடினார்கள். ஆந்திரா பக்கத்திலிருந்து சரக்கேற்றி வந்த வயசான டிரைவர் ஒருத்தர், இவர்களை முன்பின் பார்த்திராதவர், முன்னால் வந்து குனிந்தார்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"எங்கண்ணன்."

"அடடா. எப்போம்மா?"

மகிழினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம்," என்றாள்.

எழவு வீட்டுக்காரர்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள், சாப்பாடு வெளி ஆள்தான் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்த மனிதர் அவர். கேட்டுக்கு எதிரே இருந்த தள்ளுவண்டிக்குப் போய் இட்லி வாங்கிவந்து, பொட்டலத்தைப் பிரித்து, கன்னியம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சாவு சாப்பாடும்மா. மறுக்கக் கூடாது," என்று ஒரு துண்டைப் பிட்டு நீட்டினார்.

கன்னியம்மா அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.